லீக்கியக் கடற்கரையில்

திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, நாம் பெரும்பாலும் புயலுக்கும் கப்பற்சேதத்திற்கும் விரைந்து சென்றுவிடுகிறோம். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட புனித பவுல், லீக்கியாவின் மீராவில் இத்தாலி செல்லும் அலெக்சாந்திரியக் கப்பலுக்கு மாற்றப்பட்டார் என்னும் செய்தி நம் மனத்தில் தங்குவதில்லை. அதற்கு முன்னரும், எருசலேம் நோக்கிய பயணத்தில், அவர் பத்தரா துறையில் கப்பல் ஏறியதுண்டு. இவ்விரு நகரங்களும் இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில், அந்தால்யா மாநிலத்தில் இடிபாடுகளாகக் கிடக்கின்றன.

அழகு மிகுந்த கரை அது. டாரஸ் மலைத்தொடர் கடல்வரை செங்குத்தாக இறங்கி வர, ஆறுகள் வண்டல் கொட்டிய இடங்களில் மட்டுமே சமவெளி விரிகிறது. மீராவின் பாறைச் சரிவில் குடையப்பட்ட கல்லறைகள், மரவீடுகளின் உத்திரத்தையும் பொருத்தையும் அப்படியே கல்லில் காட்டுகின்றன. ஒலிம்போசு அருகே யானார்தாஷ் மலையில், நிலத்தடி வாயு கசிந்து பாறையிடுக்குகளில் இரவும் பகலும் தீ எரிகிறது. கெக்கோவாத் தீவோரம் பழைய வீட்டுச் சுவர்கள் தெளிந்த நீருக்கடியில் தெரிகின்றன.

அங்கு வாழ்ந்தோர் எளிதில் அடங்கியவர் அல்லர். பாரசீகப் படை சாந்தோசு நகரைச் சூழ்ந்தபோது, அந்நகரத்தார் தம் மனைவி மக்களையே தீக்கிரையாக்கிவிட்டுப் போரிட்டு மாண்டனர் என ஹெரொதொத்தசு எழுதுகிறார். பின்னாளில் 23 நகரங்கள் கூடி ஒரு கூட்டாட்சி அமைத்தன. பெரிய நகருக்கு மூன்று வாக்கு, நடுத்தர நகருக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று. இம்முறையைப் பிரெஞ்சு அறிஞர் மொந்தெசுக்கியூ வியந்து பாராட்டினார். அவர்கள் கூடிய மன்றத்தைப் பத்தராவில் இன்று புதுப்பித்து வைத்துள்ளனர்.

ஆயினும் இக்கரையின் வரலாற்றைப் புரட்டும்போது நம்மை உறுத்துவது வேறொன்று. இங்கிருந்தவை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லப்பட்டன. கடலே முதலில் விலகியது. பத்தராவின் துறைமுகம் மணலும் வண்டலும் தூர்ந்து சதுப்பாயிற்று. நீரோ காலத்துக் கலங்கரை விளக்கம் கடலுக்குப் பயனற்று நின்றது. இன்று அந்த நீண்ட மணற்கரைக்கு முட்டையிட வருவன கடலாமைகளே.

பின்னர்ப் புனித நிக்கோலாசு. பத்தராவில் பிறந்தவர் என மரபு கூறும் இவர், நான்காம் நூற்றாண்டில் மீராவின் ஆயராய் இருந்தார். 1071இல் மன்சிகெர்த்துப் போரில் பைசாந்தியம் தோற்று, செல்யூக்குத் துருக்கியர் உள்நாட்டில் பரவிய காலம். 1087இல் இத்தாலியின் பாரி நகர மாலுமிகள் மீராவுக்கு வந்து, கல்லறையை உடைத்து அவர் எலும்புகளைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றனர். அதனைத் திருப்பண்டங்களின் இடமாற்றம் என மே 9ஆம் நாள் பாரி கொண்டாடுகிறது. பாதுகாக்கவே எடுத்தோம் என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் காவலரைத் தடுத்து நிறுத்திவிட்டு எடுத்ததைத் திருட்டு என்றே நாம் சொல்வோம். வெறுமையான கோவிலை ஆற்று வண்டல் மூடியது. 19ஆம் நூற்றாண்டில் உரசியர் அதைத் தோண்டிப் புதுப்பிக்க முயன்றனர். இன்று அஃது அருங்காட்சியகம். அதே நூற்றாண்டில்தான் ஆங்கிலேயரான சார்லசு ஃபெல்லோசு, சாந்தோசின் நெரெயிது நினைவுமண்டபச் சிற்பங்களைக் கப்பலேற்றி இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார்.

இறுதியில் மனிதரே எடுத்துச் செல்லப்பட்டனர். 1923இல் லொசானில் கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர் துருக்கியிலிருந்தும், ஏறத்தாழ 4 இலட்சம் முசுலிம்கள் கிரேக்கத்திலிருந்தும் இடம்பெயர்க்கப்பட்டனர். பேசும் மொழியன்று, சமயமே அளவுகோல். முன்னரே ஓடிப்போனவர்களும் இத்தொகையில் அடங்குவர்; திரும்பி வரும் உரிமை அவர்களுக்கும் இல்லை.

ஃபெத்தியே நகருக்கு அருகே லெவிசி என்னும் கிரேக்கர் ஊர் இருந்தது. இன்று அதற்குக் காயாகோய் என்று பெயர். மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. கிரேக்கத்திலிருந்து அங்குக் குடியேற்றப்பட்ட முசுலிம்களுள் பெரும்பாலோர் நிலைக்கவில்லை. 1957ஆம் ஆண்டு நிலநடுக்கம் எஞ்சியவற்றையும் சிதைத்தது. மேல்கோவில் ஒன்றும் கீழ்க்கோவில் ஒன்றும் இருக்கின்றன, பலிபீடங்கள் இல்லை.

ஃபெத்தியேயின் பழைய கிரேக்கப் பெயர் மாக்ரி. அப்பகுதியிலிருந்து அகற்றப்பட்டோர் ஏதென்சுக்குக் கிழக்கே கடலோரம் குடியேறி, அவ்விடத்திற்கு நேயா மாக்ரி, அதாவது புதிய மாக்ரி, என்று பெயரிட்டனர்.