வைகாசி மூலமும் அப்பா கட்டிய பத்து வெள்ளியும்

  கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

வைகாசி மூலம் நெருங்குது. நம்ம ஆலயத்தில் திருஞானசம்பந்தர் குருபூஜை வேலைகளை ஆரம்பிச்சாச்சு. போன வருஷம் அன்னதானம் முடிந்து அண்டா கழுவிக்கொண்டு இருந்தோம். தேவார வகுப்புப் பையன் ஒருத்தன் மண்டபத்துச் சுவரில் இருக்கிற பழைய படத்தைக் காட்டி, "அங்கிள், இவரும் நாயன்மாரா?" என்று கேட்டான். "இல்லடா, அவர் துன் சம்பந்தன். மந்திரியா இருந்தவரு" என்று சொல்லிவிட்டு அண்டாவைத் தேய்க்கப் போயிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்தப் படத்தை மாட்டியவர் எங்க அப்பா. தோட்டத்துக் கோயிலில் இருந்து சாமியோடு சேர்ந்து லாரியில் வந்த படம் அது. அப்பா ஏன் மாட்டினார் என்று நாங்கள் சொல்லாமல் விட்டால், பிறகு சொல்ல ஆள் இல்லை. இதில் அப்பாவும் வருவார், துன்னும் வருவார். ரெண்டு பேரையும் பிரித்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். விடியுமுன் பெரட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்துக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குப் போவது. நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் மற்றவர்கள் படுப்பார்கள். அப்பா படுக்க மாட்டார். பராங்கை எடுத்துக்கொண்டு காட்டுக்கோ, தூண்டிலை எடுத்துக்கொண்டு சுங்கை புளூஸ் ஆற்றுக்கோ கிளம்பிடுவார்.

காடு அவருக்கு இன்னொரு வீடு. பெத்தாய் எந்த மரத்தில் காய்க்கும், எந்தக் காளானைத் தொடக்கூடாது, யானை எந்தப் பக்கம் போயிருக்கு, எல்லாம் தெரியும். விரால், கெளுத்தி, மூங்கில் குருத்து, ஏதோ ஒன்று இல்லாமல் திரும்ப மாட்டார். ஆனால் தேவைக்கு மேல் எடுத்ததும் இல்லை. "காடு நமக்குக் கடன் கொடுக்குது, அள்ளிக்கிட்டு வரக்கூடாது" என்பார்.

கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்க அஞ்சு பேரையும் ஆற்றுக்குக் கூட்டிப் போவார். தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தால் ஒவ்வொருத்தரா தோளில் தூக்கி அக்கரையில் விடுவார். கடைசிப் பிள்ளை கரை ஏறின பிறகுதான் அவர் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிவார். அம்மா இன்னைக்கும் சொல்வாங்க, "அவருக்குத் தெரிஞ்சது ரெண்டே இடம்தான். ஒண்ணு காடு, இன்னொண்ணு வீடு."

அப்படிப்பட்ட மனுஷனிடமிருந்து ஒரு காலத்தில் காட்டையே பிடுங்கி வைத்திருந்தார்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்தில் இன்னொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொட்டுத்தான் நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. அப்போது அப்பா சின்னப் பையன். முள்கம்பி வேலி, ஊரடங்கு. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று பல இடங்களில் வெட்டுக்குப் போகிறவர் கையில் சாப்பாடே கொண்டுபோக விடவில்லை. "காட்டைக் கண்ணால பார்த்துக்கிட்டே வளர்ந்தேன்" என்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கு. 1960 ஜூலை 31-ல்தான் அவசரகாலம் முடிந்தது.

1948-ல் அதே ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த இன்னொருவருக்கு 29 வயது நிறைந்தது. அவர்தான் 1919-ல் பிறந்த வீ. தி. சம்பந்தன். முழுப் பெயர் திருஞானசம்பந்தன். அவர் அப்பா வீராசாமி 1896-ல் தமிழ்நாட்டில் இருந்து வந்து, உழைத்து முன்னேறி, ரப்பர் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிப்போர்டு பள்ளியில் படித்து, பிறகு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தார். திரும்பி வந்து அப்பா தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. 1954-ல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பியதற்கு அவர்தான் முக்கியக் காரணம். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். அங்கே படித்தவர்கள் நம்ம ஆலயத்திலேயே இருக்காங்க.

1955-ல் ம.இ.கா. தலைவரானார், 1973 வரை இருந்தார். தொழிலாளர் அமைச்சர், சுகாதார அமைச்சர், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர். பதவிகளைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்பா அந்தப் படத்தை மாட்டினது பதவிக்காக இல்லை.

சுதந்திரம் நெருங்கிய காலத்தில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குப் பயம் வந்தது. பெரிய தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். இதைத்தான் நம்ம பெரியவங்க தோட்டத் துண்டாடல் என்று சொல்வாங்க. தோட்டம் துண்டானால் வேலை மட்டும் போகாது. லயத்து வீடு போகும், தமிழ்ப்பள்ளி போகும், கோயில் போகும். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டினவன் பானை சட்டியோடு ரோட்டில் நிற்பான். உங்கங்கு அசீஸ் 1951-லிருந்து 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து ஓர் அறிக்கையே எழுதினார்.

இதற்குத் துன் சம்பந்தன் சொன்ன வழி எளிமையானது. விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம். தனியா ஒருத்தன் வாங்க முடியாது, சேர்ந்து வாங்கலாம். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். துரை வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை லயத்து வாசலில் நின்று கையேந்தினார். தனக்காக இல்லை. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம்தான் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதற்குப் பிறகு வரிசையாகப் பல தோட்டங்கள்.

இன்னைக்குப் பத்து வெள்ளி நமக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அன்னைக்கு அம்மா கணக்குப்படி அது கிட்டத்தட்ட மூணு நாள் சம்பளம். சங்கத்து ஆட்கள் வந்து பேசியதும் அப்பா பெயர் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் பெரிய சண்டை. அம்மா கேட்டாங்களாம், "கெடாவுல தோட்டம் வாங்குறதுக்குப் பேராக்குல நாம ஏன் பட்டினி கிடக்கணும்?" நியாயமான கேள்விதானே. அப்பா பதில் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சுருட்டை விட்டார். காட்டுக்கும் ஆற்றுக்கும் முன்னைவிட அதிகமாகப் போனார். குழம்புக்கு மீன், கீரை, கிழங்கு எல்லாம் அங்கிருந்து வந்தது. பத்து மாதமும் ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்தார். "நாம நடக்கிற மண்ணு எதுவும் நம்முது இல்ல. ஒரு பிடியாச்சும் நம்முதா இருக்கட்டும்" என்று அதற்கப்புறம்தான் அம்மாவிடம் சொன்னாராம்.

உண்மையையும் மறைக்கக்கூடாது. சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. 1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று வந்ததும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். எங்க லயத்திலும் மூன்று குடும்பம் பினாங்குக்குப் போய் ரஜூலா கப்பல் ஏறியது. எங்க தோட்டமும் பின்னாளில் கை மாறியது. நோட்டீஸ் வந்தது, மரங்கள் சாய்ந்தன, நாங்கள் ஈப்போவுக்கு வந்து ஃபாக்டரி ஷிப்ட் வேலையில் சேர்ந்தோம். அப்பா கட்டின பங்கு எங்க வீட்டைக் காப்பாற்றவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு தோட்டத்தில், முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டைக் காப்பாற்றியிருக்கு. அம்மாவுக்கு இதை ஏற்றுக்கொள்ள ரொம்ப வருஷம் ஆச்சு.

துன் சம்பந்தன் 1979 மே 18-ஆம் தேதி காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. துணைவியார் தோபுவான் உமா, ஒரே மகள். அப்பா விட்டுப்போன தோட்ட நிலத்தில் பெரும்பகுதி அவர் இருக்கும்போதே பொதுக்காரியத்தில் கரைந்துவிட்டது. பணக்காரராக அரசியலுக்கு வந்து, இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனவர். அந்தச் செய்தியை வானொலியில் கேட்டபோது எங்களுக்குச் சின்ன வயசு. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைக் கேட்டோம். அப்பா, "இன்னைக்கு வேணாம்பா" என்றார். கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு ஏற்றினார். கொஞ்ச நாளில் அந்தப் படம் கோயில் சுவருக்கு வந்தது.

நம்ம சம்பந்தப் பெருமான் வரலாறு தேவார வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். திருநல்லூர்ப் பெருமணத்தில் திருமணம் நடந்த அன்று இறைவன் சோதியாகத் தோன்றினார். பெருமான் தான் மட்டும் உள்ளே போகவில்லை. கல்யாணத்துக்கு வந்த எல்லாரையும் முதலில் சோதியில் புகவிட்டு, அப்புறம்தான் தான் கலந்தார். அந்த நாள்தான் வைகாசி மூலம். மனுஷரைத் தெய்வத்தோடு ஒப்பிடுகிற தப்பை நாங்கள் செய்யவில்லை. அந்தப் பெயரைத் தாங்கின ஒருத்தர் அந்தப் பெயரை மறக்காமல் வாழ்ந்தார், அவ்வளவுதான். அப்பாவும் படித்தவர் இல்லை, தேவாரம் முழுசா தெரியாது. ஆனால் கடைசிப் பிள்ளை கரை ஏறுகிற வரைக்கும் தண்ணீருக்குள்ளேயே நின்றவர்.

அப்பா போய் இந்த வைகாசியோடு பன்னிரண்டு வருஷம். அவரோட பராங் எங்களிடம் இருக்கு. பங்குப் புத்தகம் அம்மா பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கு.

ஒரு வேண்டுகோள். உங்க வீட்டிலும் தாத்தா பாட்டி கட்டின பங்குப் புத்தகம், தோட்டத்துப் படம், செக்ரோல் சீட்டு ஏதாவது இருந்தால் குருபூஜை அன்று கொண்டு வாங்க. மண்டபத்தில் ஒரு மேசை போடுகிறோம், பார்த்துவிட்டுப் பத்திரமா திருப்பித் தருவோம். பெரியவங்க பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்க. போன வருஷம் கேட்ட அந்தப் பையனும் கண்டிப்பா வரணும். அவனுக்கு நாங்கள் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறோம்.

காய்கறி நறுக்க முதல் நாள் சாயங்காலமே வந்தால் உதவியாக இருக்கும்.

திருச்சிற்றம்பலம்.