கொட்டியாரக் கரையில் பண்ணியமும் பாணும்

முகவுரை

ஈழத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்களையும் போர்களையும் கோட்டைகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். மக்கள் எதனை உண்டனர், எதனைச் சுவையுடைத்தெனக் கொண்டனர், எதனை விருந்தினர்க்கு விதந்து வழங்கினர் என்பனவோ அந்நூல்களில் ஓரக் குறிப்புகளாகவே நின்றுவிட்டன. சாசனங்கள் கூறாது விட்ட உறவுகளைச் சில வேளைகளிற் பலகாரத் தட்டொன்று கூறிவிடும். அத்தகைய சான்றொன்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து விரிந்துள்ளது கொட்டியாரக் குடா. அதன் தென்கரைப் பகுதியில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் கட்டைபறிச்சான். இவ்வூர்க்கு ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். கடல் வழியே கோதுமையும் சீனியும் வந்தன. வயல் நெல்லைத் தந்தது. இவ்விரண்டுக்கும் இடையே நின்ற மக்களின் நாவில் நிகழ்ந்த மாற்றமே நமது பொருளாகும்.

பழந்தமிழர் பண்ணியம்

இனிப்புப் பண்டங்களைச் செய்து விற்றல் தமிழரிடையே தொன்மையான தொழிலாகும். அப்பம் சுட்டு விற்போரைக் 'கூவியர்' என்னும் பெயரால் மதுரைக்காஞ்சி, பெரும்பாணாற்றுப்படை, சிலப்பதிகாரம் ஆகியன குறிக்கின்றன. மதுரைக் கடைத்தெருவின் வருணனையில் மோதகமும் இடம்பெறுகின்றது. விசயநகரக் காலத்துத் திருவேங்கடக் கோயிற் சாசனங்களில் அப்பப்படி, அதிரசப்படி என்னும் நிவேதனக் கட்டளைகள் காணப்படுகின்றன. எனவே சுவை பற்றிய மதிப்பீடு வீட்டோடு நில்லாது, தெருவிலும் கோயிலிலும் நிலைபெற்றிருந்தமை தெளிவு.

இப்பண்டங்களின் பொதுவியல்பு ஒன்று நோக்கற்பாலது. அவை அவிக்கப்பட்டன, வறுக்கப்பட்டன, பொரிக்கப்பட்டன. மூடிய அடுப்பின் வெப்பத்தில் வெந்த பண்டம் அவற்றிடையே இல்லை. எண்ணெயிற் பொரிப்பதையும் 'பலகாரம் சுடுதல்' என்றே நாம் இன்றும் கூறுகின்றோம். புளித்த கோதுமை மாவை மூடிய அடுப்பில் வேகவைக்கும் முறைக்கு மட்டும் வேற்றுமொழிச் சொற்கள் வேண்டியிருந்தன.

இரு முதற் சுவைகள்

அச்சொற்களைத் தந்தோர் போர்த்துக்கீசர். 'பாண்' என்பதும் 'விசுக்கோத்து' என்பதும் அவர்தம் மொழியினின்றும் வந்தவை. 'போறணை' என்பதும் அடுப்பைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் திரிபே. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கொழும்புத் துறையில் இறங்கியபோது கோட்டை அரசனுக்கு எட்டிய செய்தியை இராசாவலிய என்னும் சிங்கள நூல் கூறுகின்றது. வந்தவர்கள் வெண்ணிறக் கல்லைத் தின்று குருதியைக் குடிக்கின்றனர் என்பதே அச்செய்தியின் சாரம். கல்லெனப்பட்டது பாண், குருதியெனப்பட்டது திராட்சை மது.

இதற்கு எதிர்முகமான சான்று கொட்டியாரக் குடாவோடு தொடர்புடையது. 1659இல் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுதற்பொருட்டு இக்குடாவை அடைந்தது. 1660 ஏப்ரிலில் கப்பற் தலைவரும் அவர் மைந்தர் றொபேட் நொக்சும் பிறரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என நின்ற மரம் இந்நிகழ்ச்சியின் நினைவாகவே போற்றப்பட்டது. தந்தை சிறையிலேயே இறந்தார். மைந்தர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டார்.

அரிசிமாவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, இலையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி, தேங்காயெண்ணெயிற் பொரித்தெடுக்கும் பணியாரமொன்றை அந்நூல் விவரிக்கின்றது. ஒல்லாந்தர் கொழும்புக்கு முதன்முதல் வந்தபோது அரசன் அதனை விருந்தாக அனுப்பினானாம். உண்டு வியந்த ஒல்லாந்தர், மனிதர் கைவினைக்கு இத்தகைய சுவை கூடாதெனக் கருதி, இவை மரத்திற் காய்ப்பனவோ என வினவினராம். நொக்ஸ் இதனைக் கேள்விச் செய்தியாகவே தருகின்றார். அவர் வாழ்ந்ததும் கண்டி இராச்சியத்துச் சிற்றூர்களில். கூறும் பெயரும் சிங்களப் பெயரே. ஆயினும் செய்முறை நம் அரியதரத்தின் செய்முறைக்கு மிக நெருங்கியது என்பதை, அதனை இலையிலே தட்டியறிந்தோர் உடனே உணர்வர்.

ஒரு சாரார்க்குப் பாண் கல்லாகத் தோன்றியது. மறு சாரார்க்குப் பணியாரம் கனியாகத் தோன்றியது. முன்னறியாத சுவையைத் தாம் அறிந்த பொருளொன்றின் பெயராற் சொல்லுதலே மாந்தர் இயல்பு. இவ்விரு கதைகளும் வரலாற்றுண்மை உடையனவோ அல்லவோ, அவ்வியல்புக்குச் சிறந்த சான்றுகளாகும்.

துறைமுகமும் போறணையும்

போர்த்துக்கீசர் 1624இல் திருகோணமலையிற் கோட்டை கட்டினர். பின்னர் ஒல்லாந்தரும் இடையிடையே பிரெஞ்சுக்காரரும் அதனைக் கைக்கொண்டனர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் தின்பண்டங்களை விட்டுச் சென்றனர். 'கொக்கிஸ்' என்னும் அச்சுப் பலகாரத்தின் பெயர் ஒல்லாந்தச் சொல்லினின்றும் வந்தது. தொதல் மலாயரின் கொடை. மஸ்கட் முஸ்லிம் மக்களின் கைவண்ணத்தாற் பெயர் பெற்றது. பறங்கியர் இல்லங்களில் றவையும் முந்திரிப்பருப்பும் பன்னீரும் சேர்ந்த 'லவ் கேக்' இன்றும் நத்தார்ப் பண்டமாக விளங்குகின்றது.

பிரித்தானியக் கடற்படையினர்க்குக் கப்பலிற் கிடைத்தது கடினமான விசுக்கோத்து. துறையை அடைந்தபோது அவர்கள் நாடியது மென்மையான பாண். கடற்படைத்தளம் அமைந்த நகரில் போறணைகளுக்கு வேலை இருந்தது இதனாலேயே. நொதி கிடைக்காத காலத்தில் பாண்மாவைப் புளிக்கவைத்தது நம் அப்பமாவைப் புளிக்கவைத்த அதே கள் என்பது கருதத்தக்கது. அந்நியப் பண்டத்தின் உயிர்நாடி உள்ளூர்ப் பனையிலும் தென்னையிலும் இருந்தது.

பாண் கிராமத்தாரின் அன்றாட உணவானமை பிற்காலத்து நிகழ்ச்சியாகும். இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும் பங்கைப் பர்மாவிலிருந்து பெற்றுவந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்குள்ளாயிற்று. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பங்கிடப்பட்டது. பஞ்சத்திற் பழகிய நா பின்னர் மாறவில்லை. 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் சென்றன, பாண் நின்றது. 1970களின் முற்பகுதியிற் பாணுக்காக வரிசையில் நின்றமையைப் பலர் இன்றும் நினைவுகூர்வர். 1977இல் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி சீனன்குடாவில் நிறுவப்பட்ட பிறிமா மா ஆலை 1980இல் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தீவிற் கோதுமை விளைவதில்லை. ஆயினும் அதன் மா திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தே நாடெங்கும் செல்லலாயிற்று.

சுவையறியும் முறை

பண்டத்தைச் சுவைத்து இது நன்று, இது அன்று எனத் தீர்ப்புக் கூறும் கலை நம் ஊர்களில் எழுத்தில் இல்லை. ஆனால் அளவுகோல்கள் உண்டு. கல்யாண வீட்டுப் பலகாரத் தட்டைத் திறக்கும் மூதாட்டி சீனி அரியதரத்தின் மேற்பரப்பையே முதலில் நோக்குவாள். அது பூப்போல வெடித்திருத்தல் வேண்டும். உள்ளே மாப்பதம் நிற்றலாகாது. பயற்றம் பணியாரத்தின் பயறு மணமெழ வறுபட்டிருத்தல் வேண்டும். அதனைப் பொதிந்த மாத்தோல் மெல்லியதாதல் வேண்டும். தொதல் தேங்காயெண்ணெய் பிரியுமட்டும் கிண்டப்பட்டிருத்தல் வேண்டும். வெட்டிய கத்தியில் அது ஒட்டுமாயின் பொறுமை குன்றிய கையென அறியலாம். போறணைப் பண்டத்துக்கும் இதேபோன்ற அளவுகோல் பிறந்துள்ளது. பாணின் அடியைத் தட்டினால் வெற்றொலி கேட்கவேண்டும் என்பர்.

இவற்றுள் எதனை விதந்துரைக்கலாம் என வினவின், புதிதாக வருவோர்க்கு நாம் முதலிற் காட்டுவது பயற்றம் பணியாரத்தையே ஆகும். அரிசி, பயறு, தேங்காய், சர்க்கரை, மிளகு எனக் கொட்டியாரத்து வயலும் தோட்டமும் நாடிய பண்டமெல்லாம் அதனுள் ஒருங்கே அடங்கும். பல நாள் கெடாதிருக்கும். பயணம் போவோர்க்குக் கட்டிக்கொடுக்க ஏற்றது.

இடப்பெயர்வும் இழப்பும்

அவ்விறுதிக் குணம் இம்மக்களுக்குக் கொடிய முறையில் உதவவேண்டியதாயிற்று. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் மூண்ட போரினால் இக்கரை மக்கள் பெருந்தொகையாக வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு தொடக்கம் பலர் மீண்டனர். சம்பூர் மக்களோ கட்டைபறிச்சான், மணற்சேனை, பட்டித்திடல், கிளிவெட்டி ஆகிய இடங்களில் அமைந்த முகாம்களிற் பல்லாண்டு தங்கினர். 2015ஆம் ஆண்டிலும் அதனை அடுத்துமே அவர்களின் காணிகள் விடுவிக்கப்பட்டன.

அகதி முகாமில் உரலும் உலக்கையும் இல்லை, நெல் இல்லை, பெருந்தாச்சி வைக்கும் அடுப்பில்லை. பங்கீட்டிற் கிடைத்தது கோதுமை மா. 1942இன் கதையே வேறுருவில் மீண்டது. பலகாரம் சுடுதலைத் தாயிடமிருந்து கண்ணாற் பார்த்தே மகள் கற்றாள். 'கைப்பதம்' எனப்படும் அளவு எந்த ஏட்டிலும் இல்லை. தாயும் மகளும் ஒரே அடுப்படியில் நில்லாது கழிந்த ஆண்டுகள் ஒரு கல்வியின் தொடர்பை அறுக்கவல்லன. 2022இல் பொருளாதார நெருக்கடியாற் கோதுமை மாவின் விலை உயர்ந்து வெதுப்பகங்கள் பல மூடப்பட்டபோது, வேறொரு உண்மையும் புலனாயிற்று. வந்த மாவை நம்பிச் சொந்த மாவை மறந்தோர் இரண்டையும் இழக்கக்கூடும்.

முடிவுரை

பாணைப் பழித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. ஐந்நூறாண்டு உண்ட பண்டம் அந்நியமன்று. தொதலும் கொக்கிசும் நம்முடையனவாயின போலவே அதுவும் நம்முடையதாயிற்று. குறை வேறிடத்தில் உள்ளது. சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதிவைத்தமையால் ஒரு பணியாரத்தின் செய்முறை முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அழியாதுள்ளது. அவர் சிறைப்பட்ட கரையில் அதனையொத்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சுட்ட பெண்களின் சொல்லோ எழுதப்படவில்லை.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் இப்பணியை மேற்கொள்ளலாம். கொத்தும் சுண்டும் கொண்டு அளந்து, பதம் கேட்டு, சொன்னவர் வழங்கிய சொல்லிலேயே எழுதிவைத்தல் எவர்க்கும் இயல்வதே. அடுப்படியில் அமர்ந்து கேட்பதற்கு நாணாத ஆராய்ச்சி நமக்கு இப்பொழுது தேவை. சுடுவோர் இருக்கும்போதே அது செய்யப்படுதல் வேண்டும்.