பம்பர் யாரைக் காப்பாற்ற வந்தது?

1.
1977-ல் வந்த எம்ஜிபி கார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்குவார்கள். வாங்கிய கையோடு அதன் கறுப்பு ரப்பர் பம்பரைக் கழற்றிவிட்டு, 1973 மாடலின் பளபளக்கும் குரோம் பம்பரை மாட்டுவார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா பழைய கார் பிரியர்கள் மத்தியில் இது பல வருஷமா நடக்கிற வேலை.

"பம்பர்ல என்னங்க வரலாறு? டாக்டருக்கு இதுல என்ன வேலை?" ன்னு கேக்கலாம்.

ரெண்டும் இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

2.
எம்ஜிபி 1962-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வந்த சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. அமெரிக்காவில் போட்ட ஒரு சட்டம்தான் இந்த இங்கிலாந்துக் காரின் முகத்தையே மாற்றப் போகுது.

3.
அந்தக் காலத்துக் குரோம் பம்பருக்குப் பேர்தான் பம்பர். எஃகுத் தகட்டை வளைத்து, குரோம் முலாம் பூசி, காரின் முன்னும் பின்னும் மாட்டியிருப்பார்கள். 1950, 60-களில் அமெரிக்கக் கார்களுக்கு அநேகமாக வருஷா வருஷம் பம்பரும் கிரில்லும் மாறும். நாம் வாங்கியது புது மாடல் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

முகத்துக்கு மீசை மாதிரி. அழகாத்தான் இருக்கும். மீசை அடி தாங்குமா?

4.
தாங்கல. வண்டியை நிறுத்துற இடத்தில், மனுஷன் நடக்குற வேகத்தில் லேசா முட்டினாலே ஹெட்லைட் உடையும், கிரில் நசுங்கும். ஒரு காரின் பம்பர் உயரமும் இன்னொரு காரின் பம்பர் உயரமும் ஒத்துப் போகாது. அதனால் ஒன்று மேலே ஏறும், இன்னொன்று அடியில் புகும். ரெண்டு பம்பரும் சந்திக்கவே சந்திக்காது.

சிராய்ப்பு மாதிரி தெரியும். பில் வந்தா தலை சுத்தும்.

5.
இந்த இடத்தில் கதைக்குள் ஒரு டாக்டர் வருகிறார். வில்லியம் ஹேடன்.

1966-ல் அமெரிக்க அரசு வாகனப் பாதுகாப்புக்கென்று தனி அமைப்பை உருவாக்கியபோது, அதன் முதல் தலைவர் இந்த மருத்துவர்தான். 1969-ல், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவரானார். 1985-ல் இறக்கும் வரை அங்கேதான் இருந்தார்.

6.
அவர் சொன்னது எளிமையான விஷயம். விபத்தை "விதி", "டிரைவர் தப்பு" என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. அதையும் ஒரு நோய் மாதிரி பார்க்கணும்.

மலேரியாவுக்கு நோயாளியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. கொசுவைப் பார்க்கணும், தேங்கி நிற்கும் தண்ணீரையும் பார்க்கணும். அதே மாதிரி விபத்தில் மனுஷன், வண்டி, சுற்றுப்புறம் மூன்றையும் விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்று பிரித்துப் பார்க்கணும். பொதுச் சுகாதாரத்தில் இன்றைக்கும் சொல்லித் தரப்படும் "ஹேடன் மேட்ரிக்ஸ்" இதுதான்.

7.
1969-ல் அந்த நிறுவனம் புதுக் கார்களை மெதுவான வேகத்தில் மோத விட்டு, ரிப்பேர் செலவைக் கணக்குப் போட்டு அமெரிக்க செனட் முன்னால் வைத்தது. பம்பர் என்ற பெயரில் விற்கப்படுவது பம்பர் வேலையே செய்யவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

8.
சட்டம் வந்தது. 1973 மாடல் கார்கள் முன்பக்கம் மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் விளக்கு, பெட்ரோல் டேங்க் போன்ற பாதுகாப்பு பாகங்கள் பழுதாகக் கூடாது. பின்பக்கத்துக்கு 2.5 மைல் போதும்.

1974 மாடலுக்கு விதி இன்னும் இறுகியது. பின்பக்கத்துக்கும் 5 மைல். கூடவே உயரக் கட்டுப்பாடு: தரையில் இருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் அடியைத் தாங்க வேண்டும். எல்லா பம்பரும் ஒன்றையொன்று சந்திக்கணும் என்பதற்காக.

9.
இந்தச் சட்டத்தை ஒரே காரில் பார்க்கணும்னா 1973 செவர்லே கார்வெட்டைப் பாருங்க. முன்பக்கம் காரின் நிறத்திலேயே மூடப்பட்ட புது யூரித்தேன் பம்பர். பின்பக்கம் பழைய குரோம். அந்த ஒரு வருஷம் மட்டும்தான் இப்படி. 1974-ல் பின்பக்கமும் மாறிவிட்டது.

பம்பரைப் பார்த்தே கார் எந்த வருஷம், எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

10.
ஆனா டிசைன் பண்ணி முடிச்ச காருக்கு இந்த விதியைப் பொருத்துவது லேசான வேலையா?

பென்ஸ் எஸ்எல், பிஎம்டபிள்யூ மாதிரியான கார்கள் ஐரோப்பாவில் ஒல்லியான பம்பரோடு ஓடின. அதே கார்கள் அமெரிக்காவில் வாசல் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. பம்பருக்குப் பின்னால் ஷாக் அப்சார்பர், அது உள்ளே போய் வர இடைவெளி, அதைத் தாங்கக் கனமான இரும்பு.

போர்ஷே மட்டும் 1974-ல் 911 காருக்கு அலுமினிய பம்பர் போட்டு, இடைவெளியை ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு ரப்பரால் மூடியது. 1989 வரை அந்த முகம் நிலைத்தது.

11.
எம்ஜிபி-க்கு அவ்வளவு பண வசதி இல்லை. 1974-ன் பிற்பகுதியில் முன்னும் பின்னும் பெரிய கறுப்பு பாலியூரித்தேன் பம்பர் வந்தது. எல்லாரும் "ரப்பர் பம்பர்" என்றார்கள். உள்ளே இரும்புச் சட்டம். அமெரிக்காவுக்குத் தனி, உள்ளூருக்குத் தனி என்று இரண்டு விதமாகத் தயாரிக்க முடியாததால், அந்தச் சட்டமே இல்லாத இங்கிலாந்துக்காரர்களும் அதையே வாங்க வேண்டியதாயிற்று.

12.
பம்பரைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவர காரையே சுமார் ஓர் அங்குலம் தூக்கினார்கள். அதே சமயத்தில், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரைச் சாதாரண மாடலில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

விளைவு? வளைவில் ஒட்டிப் பிடித்து ஓடும் என்று பெயர் வாங்கிய கார், சாய்ந்து ஆடத் தொடங்கியது. பிறகு 1976-ல் முன்னும் பின்னும் பார் போட்டுச் சரிசெய்தார்கள்.

மெதுவான மோதலில் காரைக் காப்பாற்றச் செய்த மாற்றம், வேகமான ஓட்டத்தில் காரின் பிடிமானத்தைக் கெடுத்தது. மருந்து வேலை செய்தது, பக்கவிளைவும் தந்தது. எங்களுக்கு ரொம்பப் பழக்கமான கதை.

13.
1973 கடைசியில் பெட்ரோல் நெருக்கடி வந்ததும், "இந்த இரும்பை எல்லாம் எதுக்குச் சுமக்கணும்?" என்ற கேள்வியும் வந்தது. வாக்குவாதம் பல வருஷம் ஓடியது. 1982-ல் அமெரிக்க அரசு, செலவுக்கேற்ற பலன் இல்லை என்று சொல்லி விதியை 5 மைலில் இருந்து 2.5 மைலாகக் குறைத்தது.

14.
சரி, இப்போ பம்பர் மாற்றுகிறவர்களிடம் வருவோம். அமெரிக்காவில் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் ஐரோப்பிய பம்பர் வரவழைத்து மாட்டுகிறார்கள். 911 வைத்திருப்பவர்கள் 1973-க்கு முந்தைய முகத்தைக் கொண்டுவருகிறார்கள். எம்ஜிபி-க்கு குரோம்.

நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டுற வேலைன்னு நினைக்காதீங்க. ரப்பர் பம்பர் எம்ஜிபி-யில் முன்பக்க இண்டிகேட்டர் பம்பருக்குள்ளேயே இருக்கும். அதற்கு வேறு இடம் வேணும். பம்பரைத் தாங்கும் பிராக்கெட் வேறு. முன்பக்கத் தகடுகளை வெட்டி வெல்டிங் பண்ணணும். காரையும் பழைய உயரத்துக்கு இறக்கணும். இல்லேன்னா 1973 முகம், 1977 கால் என்று நிற்கும்.

15.
இதில் தப்பென்ன? அவங்க கார், அவங்க ரசனை. எனக்கும் குரோம்தான் அழகாத் தெரியுது. ஆனா டாக்டரா ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்றேன்.

1973 சட்டத்தின் சோதனையைத் திரும்பப் படிங்க. காரைச் சுவரில் மோத விட்டார்கள். கனமான ஊசலால் பம்பரை இடித்தார்கள். விளக்கு உடைந்ததா, டேங்க் ஒழுகியதா, பின்னாளில் தகடு நசுங்கியதா என்று பார்த்தார்கள்.

அந்தச் சோதனையில் மனுஷக் கால் எங்கேயும் இல்லை.

16.
கால் விஷயம் தெரியாமலா இருந்தது? 1929-லேயே காட்டன், பெர்க் என்ற இரு மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிவிட்டார்கள். நடந்து போகிறவரின் முழங்காலைக் கார் பக்கவாட்டில் இடிக்கும்போது வரும் எலும்பு முறிவு அது. அவர்கள் வைத்த பெயர் "ஃபெண்டர் ஃபிராக்சர்". நாங்கள் இன்றைக்கும் "பம்பர் ஃபிராக்சர்" என்கிறோம். காரின் ஒரு பாகத்தின் பெயரில் எலும்பு முறிவு!

17.
என்ன நடக்குதுன்னு பாருங்க. பம்பர் வெளிப்பக்கத்தில் இருந்து முழங்காலைத் தள்ளும். தொடை எலும்பின் குமிழ், கீழே இருக்கும் டிபியா எலும்பின் மேல்தட்டில் சுத்தியல் மாதிரி இறங்கும். தட்டு பிளக்கும், அமுங்கும். தசைநார் கிழியலாம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அடிபட்டால் காலே போகலாம்.

எலும்பு சேர்ந்த பிறகும் மூட்டின் வழவழப்பு போனால் போனதுதான். சம்மணம் போட முடியாது. தரையில் உட்கார்ந்து எழ முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கோ அதே பம்பர் தொடையிலும் இடுப்பிலும் படும்.

18.
இங்கேதான் சிக்கல். மெதுவான மோதலில் கார் நசுங்காமல் இருக்க பம்பர் கெட்டியா இருக்கணும். கால் தப்பிக்க பம்பர் மெத்துனு இருக்கணும். ரெண்டும் எதிரெதிர்.

பல வருஷம் ஜெயித்தது கார்தான். 1997-ல் தொடங்கிய யூரோ என்கேப் சோதனைகளில்தான் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செயற்கைக் காலை பம்பரில் மோதிப் பார்த்து, மக்களுக்கு மார்க் போட்டுக் காட்டினார்கள். 2005 அக்டோபரில் இருந்து ஐரோப்பாவில் புது மாடல்களுக்கு அது சட்டம்.

இப்போதைய கார்களில் வெளியே பிளாஸ்டிக், அதற்குள் நுரை, அதற்கும் உள்ளே உலோகச் சட்டம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "தொட்டாலே அமுங்குது, அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா"ன்னு சலிச்சுக்கிறோம். அந்த அமுங்கல் யாரோ ஒருத்தர் முழங்காலுக்காக.

19.
நம்ம ஊர்ல அந்த நுரைக்கு முன்னாடி இரும்புக் கம்பி கட்டுவோம். கிராஷ் கார்டு! 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியது. பம்பரை மென்மையாக்கப் பல வருஷம் பிடித்தது. கம்பி மாட்ட அரை மணி நேரம் போதும்.

20.
சுருக்கமா.

ஒவ்வொரு வருஷத்துப் பம்பரும் அந்தக் காலம் எதைக் காப்பாற்ற நினைத்தது என்பதைச் சொல்லும். 1960-களில் அழகை. 1973-ல் முக்கியமா ரிப்பேர் செலவை. 2005-ல் தெருவில் நடக்கிறவரை.

பழைய காரில் ரப்பரை எடுத்துக் குரோம் மாட்டினால் போவது பெரும்பாலும் முதலாளியின் பணம்தான். பிராக்கெட், உயரம், இண்டிகேட்டர் மூன்றும் சரியா இருக்கான்னு பார்த்துட்டு ஆசை தீர மாட்டட்டும். புதுக் காரில் முன்பக்கத்தை மாற்றினால் கணக்கு வேற. அங்கே கை வைப்பது அடுத்தவர் முழங்காலில்.

மெக்கானிக்கிடம் "எவ்வளவு ஆகும்?" ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "இது யாருக்காக இங்க இருக்கு?" ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

வண்டியில் கிராஷ் கார்டு மாட்டியிருக்கும் நண்பர் யாராவது இருந்தா அவருக்கும் அனுப்புங்க.