கப்பலை எண்ணினார்கள், காசை எண்ண மறுத்தார்கள்: படைச்செலவு வரம்பு முயற்சிகள் குறித்து

1899 மே மாதம் ஹேக் நகரில் 26 நாடுகளின் பேராளர்கள் கூடினர். ரஷ்யா வைத்த கோரிக்கை மிக அடக்கமானது. தரைப்படைச் செலவை ஐந்தாண்டுகளுக்கும் கடற்படைச் செலவை மூன்றாண்டுகளுக்கும் இருக்கும் அளவிலேயே நிறுத்தி வைக்கலாம் என்றது. ஜெர்மனியின் படைத்துறைப் பேராளர் மறுத்துவிட்டார். படைச்சுமையைக் கட்டுப்படுத்துவது பெரிதும் விரும்பத்தக்கது என்றொரு தீர்மானம் மட்டும் மிஞ்சியது.

படைச்செலவுக்கு வரம்பிடும் பேச்சுகள் ஏன் தோற்கின்றன என்பதற்கு அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் விடை ஒன்றுண்டு: பணத்தைச் சரிபார்க்க முடியாது. ஓய்வூதியம் படைச்செலவா, துணைப்படையின் சம்பளம் எந்தக் கணக்கு, ஒரு நாட்டு நாணயத்தை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது? இவை உண்மையான சிக்கல்கள்தாம். ஆனால் தோல்விக்கு இவையே காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணக்கூடிய பொருளுக்கு வரம்பிட்ட முயற்சியை முதலில் பார்ப்போம். 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரும் போர்க்கப்பல்களுக்கு அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன் என வரையறுத்தது. பாதி கட்டிய கப்பல்களே உடைக்கப்பட்டன. அந்த அளவில் அது வெற்றி. ஆனால் 10,000 டன்னுக்கு உட்பட்ட குரூசர்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. போட்டி அங்கே தாவியது. ஒரு மடையை அடைத்தால் நீர் அடுத்த மடை வழியே பாயும். மொத்தச் செலவுக்கே வரம்பு வேண்டும் என்ற வாதத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது.

அந்த வாதம் 1973இல் ஐ.நா. பொதுச்சபையில் தெளிவான வடிவம் பெற்றது. பாதுகாப்பு மன்றத்தின் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தும் படைச்செலவை 10 சதவீதம் குறைக்க வேண்டும், மிச்சமாகும் தொகையில் 10 சதவீதம் வளரும் நாடுகளுக்குப் போக வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் முன்மொழிந்தது. தீர்மானம் நிறைவேறியது, செலவு குறையவில்லை. எதைக் குறைப்பது என்பதற்கு முன்மொழிந்தவரிடமே நேர்மையான கணக்கு இல்லை. 1989 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் தம் நாட்டின் ஆண்டுப் படைச்செலவு 7,730 கோடி ரூபிள் என்று அறிவித்தார். அதுவரை வெளியிட்டு வந்த தொகை ஏறத்தாழ 2,000 கோடிதான். பத்து சதவீதக் குறைப்பு பேசிய அரசு, நான்கில் ஒரு பங்கைத்தான் உலகுக்குக் காட்டியிருந்தது! இதற்குக் கணக்கியலைக் குறை சொல்லிப் பயனில்லை. மறைத்தவர்கள் தெரிந்தே மறைத்தார்கள்.

1980இல் பொதுச்சபை படைச்செலவுக்கெனப் பொதுவான அறிக்கைப் படிவம் ஒன்றை உருவாக்கியது. ஆண்டுதோறும் அரசுகள் தாமாகவே நிரப்பி அனுப்ப வேண்டியது அது. அண்மை ஆண்டுகளில் உறுப்பு நாடுகளில் கால்வாசிகூட அனுப்புவதில்லை.

பொது வரையறை அடையவே முடியாத ஒன்றா? நேட்டோ நாடுகள் 1950களின் தொடக்கத்திலிருந்தே படைச்செலவுக்குத் தமக்குள் பொது வரையறை வைத்திருக்கின்றன. 2025 ஜூனில், அதே ஹேக் நகரில், 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்ற இலக்கை அக்கூட்டணி ஏற்றது. அதில் 3.5 நேரடிப் படைச்செலவு, 1.5 உள்கட்டமைப்பு போன்ற தொடர்புடைய செலவு என்று பகுத்தும் வைத்தது. செலவைக் கூட்டும்போது கைகூடும் வரையறை, குறைக்கப் பேசும்போது மட்டும் கைகூடாமல் போகிறது. இதை மன உறுதியின்மை என்றே சொல்ல வேண்டும்.

சட்டக் கடமையும் ஏற்கெனவே உண்டு. ஐ.நா. சாசனத்தின் 26ஆம் பிரிவு, உலகின் மனித, பொருளாதார வளங்கள் ஆயுதங்களுக்கு மிகக் குறைவாகவே திசைதிரும்பும் வகையில் திட்டம் வகுக்கும் பொறுப்பைப் பாதுகாப்பு மன்றத்திடம் ஒப்படைத்தது. 1948இல் தன் படையையே கலைத்த கோஸ்டாரிகா, 2008 நவம்பரில் மன்றத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது அப்பிரிவை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. விவாதம் நடந்தது, தலைவரின் அறிக்கையும் வெளிவந்தது. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2024இல் உலகப் படைச்செலவு 2.7 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. 26ஆம் பிரிவு கேட்ட திட்டம் இன்றுவரை வகுக்கப்படவில்லை.