சிவப்பு வில்லையும் நீல வில்லையும்

அமெரிக்காவில் நாணயம் சேகரிப்போரின் பெட்டிகளில், வெள்ளி டாலருக்கும் செப்புக் காசுக்கும் நடுவே, உலோகமே அல்லாத சிறு வில்லையொன்று அகப்படுவதுண்டு. குறுக்களவு 16 மில்லிமீட்டர்; நிறம் சிவப்பு அல்லது நீலம்; நடுவில் 1 என்னும் எண்; அதன் இருபுறமும் ஒவ்வோர் எழுத்து. தாளைப் பதப்படுத்தி அழுத்திக் கெட்டியாக்கிய நார்ப்பொருளால் ஆனது. செம்பு போர்க்கருவிகளுக்குத் தேவைப்பட்டதால், 1943இல் அந்நாடு தன் ஒரு செண்டு காசையே எஃகில் அடித்த காலம் அது.

‘ரேஷன்’ என்னும் சொல் நம் தெருக்களில் குடியேறிவிட்டமையால் அதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. அங்கு நிலவிய புள்ளி முறைக்கே சிறிது விளக்கம் வேண்டும். விலைக் கட்டுப்பாட்டு அலுவலகம் 1942இல் பங்கீட்டுப் புத்தகங்களை வழங்கியது. 1943 மார்ச்சு முதல் டப்பாவில் அடைத்த காய்கனிகளுக்கு நீலப் புள்ளி, இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சிவப்புப் புள்ளி என்று வகுத்தனர். பொருளுக்குப் பணமும் தரவேண்டும், புள்ளியும் தரவேண்டும். 1944 பிப்ரவரி 27 முதல் புத்தகத்தின் ஒவ்வொரு வில்லைத்தாளும் 10 புள்ளி மதிப்புடையதாயிற்று. 7 புள்ளிக்கு இறைச்சி வாங்கியவருக்கு மீதி 3 புள்ளியை எப்படித் தருவது? அந்தச் சில்லறையே இவ்வில்லைகள்.

இம்முறையில் நம் சிந்தைக்குரியது ஒன்று உண்டு. தொட்டிற் குழந்தைக்கும் தனிப் புத்தகம். பெரியவருக்குரிய அதே புள்ளிகள். மாளிகையில் வாழ்ந்தவருக்கு ஒரு புள்ளியும் கூடுதலில்லை. கள்ளச் சந்தை இருந்தது, போலி வில்லைத்தாள்களும் உலவின, மனிதர் மனிதரே. ஆயினும் வெண்ணெய்க் கட்டியின் முன் பணம் மட்டும் பேச இயலாத ஓர் ஏற்பாட்டை, பணத்தைப் பெரிதும் போற்றிய நாடொன்று சில ஆண்டுகள் நடத்திக் காட்டியது சிறிய செய்தியன்று.

அடுப்படிக்கும் போர்முனைக்கும் இருந்த உறவு மனத்தை உறுத்துவது. வறுத்த பின் மிஞ்சிய கொழுப்பைத் தகர டப்பாவில் சேர்த்து இறைச்சிக் கடையில் கொடுத்தால், ஒரு பவுண்டுக்கு 4 செண்டும் 2 சிவப்புப் புள்ளியும் கிடைத்தன. அக்கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. வீட்டுக்கு வெண்ணெய் தந்த அதே சிறு வில்லை, தொலைவில் எவர் வீட்டையோ இடித்த குண்டுக்கும் கூலியாயிற்று.

1945 ஆகஸ்டில் நீலப் புள்ளியும் நவம்பரில் சிவப்புப் புள்ளியும் நீங்கின. சர்க்கரைப் பங்கீடு மட்டும் 1947 வரை நீடித்தது. ஏறத்தாழ 200 கோடி வில்லைகள் அடிக்கப்பட்டமையால் அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் மலிவு. சேகரிப்போர் தேடுவது எழுத்திணைகளை: சிவப்பில் 30, நீலத்தில் 24. சிவப்பில் ‘எம் வி’ என்னும் இணை அரிதாகையால் விலை ஏறுகிறது. எவர் கையிலும் ஒரே மதிப்புடன் இருக்கவேண்டுமென்று செய்த பொருளுள்ளும் உயர்வு தாழ்வு புகுந்துவிட்டது! கடைக்குச் சென்ற இல்லத்தரசிக்கோ எழுத்து எதுவாயினும் புள்ளி ஒன்றே.

மாசு மருவற்ற வில்லைக்கே சேகரிப்போர் மிகுந்த விலை தருகின்றனர். நம்மைக் கேட்டால், கொழுப்புக் கறை ஏறி விளிம்பு மழுங்கிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.