விலைவாசியும் அரசாங்கமும்

எங்கள் குடியிருப்பில் மாலை வேளையில் கூடும் ஓய்வு பெற்றோர் குழுவில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் விலைவாசியில்தான் வந்து நிற்கும். "அரசாங்கம் மனசு வைத்தால் ஒரே வாரத்தில் குறைத்துவிடலாமே ஸார்" என்பார் ஒருவர். "தலையிடாமல் இருந்தாலே போதும், தானாகக் குறையும்" என்பார் இன்னொருவர். நான் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்பதால் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இருவர் கட்சிக்கும் நம் தேச சரித்திரத்தில் சாட்சியம் உண்டு என்பதுதான் வேடிக்கை.

பம்பாய் நகருக்கு ரேஷன் வந்தது 1943 மே மாதம். வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோன வருஷம் அது. லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களுக்கெல்லாம் ரேஷன் தேவை என்று தியோடர் கிரிகரி தலைமையிலான குழு அப்போது சிபாரிசு செய்தது. மாதுங்காவில் குடியிருந்த என் பாட்டி சொல்வாள், கார்டுக்குக் கிடைத்த அரிசி பாதி வாரத்துக்குக்கூட வராது, மிச்சத்துக்குக் கோதுமைதான் என்று. எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்தி நுழைந்தது அப்படித்தான். இன்றுவரை வெளியேறவில்லை.

சுதந்திரம் வந்த கையோடு, கட்டுப்பாடுகள் கள்ள மார்க்கெட்டையும் பொய்யையும்தான் வளர்க்கின்றன, எடுத்துவிடுங்கள் என்று காந்திஜி தம் பிரார்த்தனைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார். புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் தலைமையிலான குழுவும் படிப்படியாகத் தளர்த்தலாம் என்றது. 1947 டிசம்பரில் தானியக் கட்டுப்பாடு தளர்ந்தது. அடுத்த மாதம் துணிக்கும். விளைவு? 1948 நடுப்பகுதிக்குள் மொத்த விலைக் குறியீட்டெண் கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் கட்டுப்பாட்டை மறுபடியும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதே காரியத்தை 1952 ஜூனில் சென்னை ராஜதானியில் ராஜாஜி செய்தார். முதல் மந்திரியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொடர்ந்து மழை பொய்த்திருந்த மாகாணம். மகாத்மா சொல்லியே பலிக்காதது இவருக்கு எப்படிப் பலிக்கும் என்று பலரும் பயந்தார்கள். ஆனால் விலை வானத்துக்குப் போகவில்லை. பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. மத்தியில் உணவு மந்திரியாக இருந்த ரஃபி அகமது கித்வாய் அதைப் பார்த்துத் துணிந்தார். 1954-க்குள் தேசம் முழுவதும் தானியக் கட்டுப்பாடு விலகியது.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். ஒரே பரிசோதனை இரண்டு தடவை இரண்டு விடை தந்தால், இடையில் எந்த நிபந்தனை மாறியது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1947-ல் அரசாங்கத்தின் கையிருப்பு சொற்பம். யுத்த காலத்தில் அச்சடித்த பணமோ ஜனங்கள் கையில் நிறைய. 1952-க்கு முன்பே, 1951-ல், அமெரிக்காவிடம் கடனாக 20 லட்சம் டன் தானியத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. பிறகு வருண பகவானும் கருணை காட்டினார். 1951-52-ல் 5.2 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1953-54-ல் ஏறக்குறைய 7 கோடி டன். விலையை அடக்கியது கட்டுப்பாடும் அல்ல, அது நீங்கியதும் அல்ல. கிடங்கில் இருந்த மூட்டை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் சி. சுப்பிரமணியம் என்று எனக்குத் தோன்றும். 1952-ல் ராஜாஜி மந்திரி சபையில் உணவு இலாகாவை வைத்திருந்தவர் அவர். 1965-ல் மத்திய மந்திரியாக இந்திய உணவுக் கழகத்தை ஆரம்பித்து வைத்தவரும் அவரே. தஞ்சாவூரில்தான் அதன் வேலை தொடங்கியது. வியாபாரியைத் துரத்துவது அல்ல, விலை ஏறும்போது அவிழ்த்துவிட ஒரு கையிருப்பு வைத்துக்கொள்வதுதான் யோசனை.

அதை மறந்த வருஷம் 1973. மழை தவறிய மறு ஆண்டு, கோதுமை மொத்த வியாபாரத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. குவிண்டாலுக்கு 76 ரூபாய் என்றார்கள். விவசாயி கொடுக்கவில்லை, கொள்முதல் இலக்கில் பாதியைச் சற்றே தாண்டியதோடு சரி. மறு வருஷமே திட்டத்தைக் கைவிட்டு, விலையை 105 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்குள் பெட்ரோல் விலையும் சேர்ந்துகொண்டது. 1974 செப்டம்பரில் விலை உயர்வு 30 சதவீதத்தைத் தாண்டியது.

அப்போது நான் வேலையில் சேர்ந்த புதிது. அந்த ஜூலையில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. சம்பள உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியும் கட்டாய டெபாசிட். கையில் பணம் குறைந்தால் விலை குறையும் என்பது கணக்கு. நாங்கள் கான்டீனில் உட்கார்ந்து திட்டித் தீர்த்தோம். ஆனால் விலை இறங்க ஆரம்பித்தது உண்மை. எமர்ஜென்சியால் இறங்கியது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அது 1975 ஜூனில்தான் வந்தது, இறக்கம் 1974 கடைசியிலேயே தொடங்கிவிட்டது. 1975-76-ல் விளைச்சலும் 12 கோடி டன்னைத் தொட்டது.

டெபாசிட் பணம் பிற்பாடு வட்டியோடு தவணை தவணையாகத் திரும்பி வந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்குப் பஞ்சப்படியும் கிடையாது, டெபாசிட்டும் கிடையாது. அவள் கேட்டதெல்லாம், எங்கள் கார்டில் வாங்காமல் விடும் கோதுமையைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா என்பதுதான். என் தாயார் கார்டை அவளிடமே கொடுத்துவிட்டாள்.