பிறைக்குறியும் கருமையும்

சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்றொரு பெயரைக் காண்கிறோம். வண்ணக்கன் என்பான் நாணயத்தை நோட்டம் பார்ப்பவன். காசின் நிறத்தையும் தரத்தையும் கண்ணால் அளப்பது அவன் தொழில். அத்தொழிலின் அருமை நமக்குப் புரிந்தது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், நண்பர் ஒருவரின் இல்லத்தில்தான். நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையம் அன்று இது. புதுச்சேரி நகரைச் சேர்ந்த, தொழிற்பேட்டை உள்ள மேட்டுப்பாளையம்.

நண்பர் இரண்டு வெள்ளி ரூபாய்களை நம்முன் வைத்தார். பூசையறையில் இருந்த ஒன்று ஆண்டுதோறும் பொங்கலுக்குத் திருநீறு இட்டுத் துலக்கப்பட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றொன்று பாட்டியின் மரப்பெட்டி அடியில் மறந்து கிடந்து கறுத்திருந்தது. "இதையும் துலக்கிவிட்டால் நல்ல விலை போகுமா?" என்று கேட்டார். பொறுங்கள் என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதே இக்கட்டுரை.

இரண்டும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அடித்தவை. 1736இல் ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலியிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வெள்ளி அதன்பின் ஊரிலேயே ரூபாயாயிற்று. ஆனால் அந்த ரூபாயில் பிரான்சு மன்னர் பெயர் இல்லை. பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசரின் பெயரும், அடித்த இடம் ஆற்காடு என்ற சொல்லுமே இருக்கும். சந்தை நம்பிய காசு அதுவாகையால் வணிகர் அதையே அடித்தனர். ஆங்கிலேயரும் மதராசில் அவ்வாறே செய்தனர். இரண்டாம் ஆலம்கீர் 1759இல் மறைந்த பிறகும், 19ஆம் நூற்றாண்டில்கூட, அவர் பெயரில் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டைப் பொறித்தே அங்கு ரூபாய் வந்தது. எனவே எழுத்தை மட்டும் நம்பினால் ஊரும் தவறும், காலமும் தவறும். மதராசு ரூபாய்க்குத் தாமரை, புதுச்சேரி ரூபாய்க்குப் பிறை என்னும் சிறு குறிகளே உண்மையைச் சொல்கின்றன.

தரம் பார்ப்பதில் முதற்படி, தேய்மானத்தையும் அடிப்புக் குறையையும் பிரித்தறிவது. இவ்வகை ரூபாய்களின் அச்சு பெரிது, வெள்ளி வில்லை சிறிது. ஆகவே விளிம்பில் எழுத்து பாதியில் நின்றால் அது தேய்மானமாகாது. புழக்கத்தில் தேய்ந்த காசில் மேட்டுப் பகுதிகள் முதலில் மழுங்கி வழவழப்பாகும். அச்சு சரியாகப் பதியாத இடத்திலோ வில்லையின் பழைய சொரசொரப்பு எஞ்சியிருக்கும். சராபுகள் சோதித்துக் குத்திய முத்திரைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவை காசுக்கு வடுதான். எனினும் அது கைமாறிய சந்தையின் சாட்சி.

அடுத்தது நிறம். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. படலம் தடிக்கத் தடிக்கப் பொன் மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என நிறம் மாறி இறுதியில் கருமையாகிறது. பல்லாண்டுகளில் இயல்பாகப் படிந்த நிறம் ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்லக் கரையும். எழுத்தின் இடுக்குகளில் அடர்ந்தும் மேடுகளில் வெளிறியும் நிற்கும். கந்தகம் பூசியோ சூடேற்றியோ அவசரமாக ஏற்றிய நிறம் திட்டுத்திட்டாக, மேடு பள்ளம் பாராமல் பரவியிருக்கும். உருப்பெருக்கியில் மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் யாரோ துலக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்கத் தர நிறுவனங்கள் 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த முறையைத் தழுவி 1 முதல் 70 வரை எண் தருகின்றன. கடுமையாகத் துலக்கிய காசுக்கு அந்த எண்ணையும் மறுத்துவிடுகின்றன.

இனி அந்த இரு ரூபாய்களுக்கு வருவோம். வெள்ளைக் காசில் பிறையின் முனைகள் தேய்ந்து, ஒரு மழுங்கிய வளைவே மிஞ்சியிருந்தது. இன்னும் சில பொங்கல் கழிந்தால் அது எவ்வூர்க் காசு என்று சொல்ல எவராலும் இயலாது. கறுத்த காசிலோ இருள் பள்ளத்தில் தங்கி, அதன் நடுவே பிறை கூர்மையாக எழுந்து நின்றது. அழுக்கு என்று நண்பர் எண்ணிய கருமைதான் அவர் ஊரின் பெயரைக் காத்து வைத்திருந்தது.

கறுத்த காசைத் துலக்காமல் விளிம்பில் பிடித்து, கந்தகம் கலவாத தாளுறையில் இட்டோம். ரப்பர் வளையம் சுற்ற வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு என்றோம். மற்றதை என்ன செய்வது என்று கேட்டார். அது பூசைக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும் என்றோம். திருநீற்றை மட்டும் இனிக் காசின் மேல் தேய்க்காமல் பக்கத்தில் வைக்கலாம்.